கொத்தமல்லிப் பெரணி

அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில், ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே, அஸென்ஷன் என்றொரு சிறு தீவு உண்டு. எரிமலை கக்கிய கல்லும் சாம்பலுமே அதன் நிலம். பரப்பு சுமார் 88 சதுர கிலோமீட்டர். நடுவே 859 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை. பச்சைமலை என்று அதற்குப் பெயர். மேகம் வந்து தங்குவது அதன் உச்சியில்தான். அந்த ஈரத்தை நம்பிப் பாறையிடுக்குகளில் ஒரு பெரணி வாழ்ந்து வந்தது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஓரிரு அங்குல உயரம். கொத்தமல்லித் தழையை ஒத்த இலை. பெரணி இனத்தின் வழக்கப்படி பூவுமில்லை, காயுமில்லை. தூசு போன்ற நுண்வித்துக்களே அதன் குலத்தைப் பெருக்குபவை.

1815-ல் நெப்போலியனை ஸெயின்ட் ஹெலினாவில் சிறை வைத்த பிரிட்டிஷார், அவரை எவரும் மீட்டுச் செல்லாதிருக்க இத்தீவிலும் காவற்படையை இறக்கினர். தண்ணீருக்குத் தவித்த இடம் அது. 1843-ல் அங்கு வந்த தாவர சாஸ்திரி ஜோஸப் ஹூக்கர், மலையில் மரம் நட்டால் மழையும் மண்ணும் பெருகும் என்று யோசனை கூறினார். லண்டனிலுள்ள கியூ தோட்டத்தின் உதவியுடன் கப்பல்களில் செடிகள் வந்திறங்கின. மூங்கில் கூட உச்சியில் காடாய் வளர்ந்தது. நீலகிரிப் புல்வெளிகளில் தைலமரம் ஏறிய கதையை அறிந்த நமக்கு, மேலே நடந்தது வியப்பளிக்காது. வெறும் மலை என்று எண்ணியவர்கள் அங்கே ஏற்கனவே குடியிருந்த சிற்றுயிரைக் கணக்கில் சேர்க்கவில்லை. போர்த்துகீசியர் முன்பே விட்டுச்சென்ற ஆடுகள் மேய்ந்தது போக எஞ்சியதை அயற்செடிகள் நெருக்கின. 2003-ல், இந்தப் பெரணி பூண்டற்றுப் போய்விட்டதென்றே அறிவித்துவிட்டார்கள்.

2009-ல் ஸ்டெட்ஸன் ஸ்ட்ரவுட், பில் லாம்ப்டன் என்னும் இருவர் மலையின் தென்சரிவில் அதைக் கண்டனர். நாலே நாலு செடிகள்! அவையும் வறண்ட பாறையில் வாடிக்கொண்டிருந்தன. செங்குத்தான அச்சரிவில் இறங்கி, சுற்றிலும் களை பிடுங்கி, தண்ணீர் வார்த்து, நுண்வித்து முற்றும் வரை அவற்றைக் காத்தார்கள். பச்சைக் குழந்தையைப் பேணுவதுபோல என்றால் மிகையாகாது. பிறகு வித்துத் தாங்கிய துணுக்குகளை மாசு படாத பாத்திரத்தில் அடைத்து, ஆகாய விமானத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பினர். அவை போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே கியூ தோட்டந்தான். அங்கே கண்ணாடிக் கலங்களில் அவற்றை முளைக்க வைத்துச் சில டஜன் செடிகளாகப் பெருக்கினார்கள். தீவிலும் அவற்றை வளர்த்து, பழைய பாறைகளில் திரும்ப நடும் முயற்சி தொடங்கியது. ஆனால் அயற்செடிகள் மலையை விட்டுப் போய்விடவில்லை; நட்ட இடத்தைச் சுற்றிக் களை பிடுங்க ஆள் வேண்டியிருக்கிறது.