வெயிலில் கருகிய குடுவைச் செடி

பூச்சிகளைப் பிடித்துண்ணும் செடிகள் உண்டென்று அன்பர்கள் யாவரும் பள்ளியில் படித்திருப்பீர்கள். நெப்பந்தஸ், டிரோசிரா என்னும் பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். உண்டியலில் சேர்த்த காசைக் கொண்டு என் மகள் பெங்களூரிலிருந்து குடுவைச் செடி ஒன்றை வாங்கி வரும்வரை யானும் மறந்தே இருந்தேன்.

சித்திரை மாதத்தில் அவள் பாட்டியைக் காணக் குடியாத்தம் சென்றாள். செடி என் பொறுப்பில் விடப்பட்டது. செடியென்றால் வெயில் வேண்டுமன்றோ என்று எண்ணி, முற்றத்துச் சுவரின்மேல், தகரக் கூரையை ஒட்டி வைத்துவிட்டுக் காலை வண்டியைப் பிடிக்க ஓடினேன். மூன்றாம் நாள் இலைகளில் வெளுத்த திட்டுகள் தோன்றிக் காகிதம்போல் உலர்ந்தன. குடுவைகள் யாவும் சுருங்கிவிட்டன. மகள் வர இன்னும் நான்கு நாட்களே இருந்தன.

பதற்றத்தில் உரம் வாங்கப் புறப்பட்டேன். நல்லவேளையாக, தோட்டக்கலை அறிந்த நண்பர் ஒருவர் தடுத்தார். சத்தற்ற மண்ணில் வளரும் இனமாதலால்தான் இச்செடி பூச்சியைப் பிடித்துத் தழைச்சத்தைப் பெறுகிறது. வேரில் உரமிட்டால் வெயில் விட்டுவைத்ததையும் உரம் கொன்றுவிடும் என்றார். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனம் மேகாலயத்தின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகளில் உள்ளது. மழைக்குப் பெயர்போன சிரபுஞ்சி அம்மலைநாட்டில்தான் இருக்கிறது. அத்தகைய ஈரக்காற்றுக்கு உரிய குலத்தைத் தகரத்தின் அனலில் நிறுத்தினேன்! அருகிவரும் அவ்வினத்தைக் காட்டிலிருந்து பறிப்பது குற்றம். நாற்றுப் பண்ணைகளில் பெரும்பாலும் விற்கப்படுவன கலப்பினங்களே. எங்கள் செடியும் அவ்வகையே.

நண்பர் முதலில் தண்டின் நுனியைப் பார்த்தார். அது பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தது. நுனி பிழைத்தால் செடி பிழைக்கும். கருகிய இலை மீண்டும் பசுமையாகாது. எனினும் பாதி பச்சையாக உள்ள இலையை வெட்டலாகாது, அப்பாதியே செடிக்கு உணவு சமைக்கிறது. முற்றிலும் காய்ந்ததை மட்டும் நீக்கினோம். தொட்டியை மாற்றவில்லை, நோயுற்ற வேளையில் வேரைக் கலைப்பது இரட்டைத் துன்பம். நேர்வெயில் படாத, ஆயினும் வெளிச்சம் மிகுந்த கிழக்குச் சன்னலருகே வைத்து, துளையிட்ட பிளாஸ்டிக் பையால் தளர மூடினோம். பை மூடிய செடியில் வெயில் பட்டால் வெந்துபோகும் என்பதை மறத்தலாகாது.

அடுத்தது நீர். நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு இதன் வேருக்கு ஆகாது. மழை வரும்வரை பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கி ஊற்றினேன். வாங்குவோர் அமிலம் கலவாத நீர்தானா என்று கேட்டு வாங்குக. கோடை மழை பெய்தபோது, சயனைடு மேட்டுத் தூசி படிந்த கூரைநீரை விடுத்து, திறந்த முற்றத்தில் பாத்திரம் வைத்துப் பிடித்தோம். மண் ஈரமாக இருக்கவேண்டும். நீர் தேங்கி நிற்கலாகாது.

மகள் திரும்பி வந்தாள். செடியைப் பார்த்தாள், என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. உண்மையை மறைக்க எனக்கும் வழியில்லை.

நான்கு வாரங்களுக்குப்பின் நுனியில் ஒரு சுருள் விரிந்தது. புதிய இலை சிறியது, ஆனால் மாசற்றது. பையை நாளுக்குச் சிறிது நேரமாக விலக்கி, பின்னர் இளங்காலை வெயிலை முதலில் அரைமணி, அடுத்த வாரம் ஒருமணி எனக் காட்டினோம். இலை ஓரம் சற்றுச் சிவந்தபோது யான் அஞ்சினேன். அது வெயிலுக்குச் செடி தானே அணியும் காப்பு. வெளுத்து உலர்வதே கருகல் என்று நண்பர் தெளிவித்தார்.

ஆடி மாதத்தில் இலைநுனிக் கொடி பருத்துச் சுண்டுவிரல் அளவில் குடுவையாகி, மூடி திறந்தது. மறுநாளே உள்ளே ஓர் எறும்பு கிடந்தது. அதனை முதலில் கண்டவள் மகள்தான். என்னை உரக்க அழைத்துக் காட்டினாள். ஆயினும் அவள் ஊருக்குச் செல்லும் நாட்களில் செடி இப்பொழுது அண்டை வீட்டு அத்தையிடம் செல்கிறது.