டைல்ஸ் கோடுகளையும் கொஞ்சம் கவனியுங்கள்

யுத்தத்தில் வீட்டைப் பறிகொடுத்து, பல வருடங்களின் பின் மீண்டும் ஒரு வீட்டைக் கட்டியெழுப்பும் பெண்ணுக்கு டைல்ஸ் பதிக்கும் காசு இலகுவில் சேர்வதில்லை. சீட்டுக்காசு குசினிக்கும் குளியலறைக்கும் மட்டுமே காணும். தனித்து நிற்கும் பெண் என்றால் கடைக்காரரும் மேசனும் சொல்வதே முடிவாகிவிடுகிறது. டைல்ஸின் நிறத்தை எங்களிடம் கேட்பார்கள். இரண்டு டைல்ஸ்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, அதற்குள் என்ன நிரப்புவது என்று கேட்பதில்லை. தரை பழுதாகத் தொடங்குவதோ பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

இடைவெளியே தெரியாமல் நெருக்கிப் பதித்தால் அழகு என்று சிலர் நினைக்கிறார்கள். டைல்ஸும் அதன் கீழுள்ள சீமெந்துத் தளமும் சூட்டிலும் ஈரத்திலும் சிறிதளவு விரிந்து சுருங்கும். அதற்கு இடமில்லாவிட்டால் டைல்ஸ் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பிவிடும். சுவருக்கு 2 மில்லிமீற்றர், தரைக்கு 3 மில்லிமீற்றர் பொதுவாகப் போதும். அளவு சரியாக ஒத்துவராத மலிவான டைல்ஸ் என்றால் 5 வரை விடலாம். கண்மட்டத்தில் விடாமல் பிளாஸ்டிக் ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்கள்.

நிரப்புவதற்கு வெள்ளைச் சீமெந்தில் நிறத்தூள் கலக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது காயும்போது சுருங்கி வெடிக்கும். பைக்கற்றில் வரும் கிறவுட் நல்லது. 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கோட்டுக்கு மணல் கலந்த வகையை வாங்குங்கள். எப்பொக்சி கிறவுட்டில் நீர் இறங்காது. ஆனால் விலை கூட, விரைவில் இறுகும், பழகிய கை வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை, கண்டிப் பக்கத்தில் செம்மண் காலோடு வீட்டுக்குள் வரும், மழைக்காலத்தில் ஈரம் இலேசில் காயாது. வெள்ளைக் கோடு கடையில் மட்டுமே வெள்ளை. சாம்பல் அல்லது கோப்பி நிறம் எங்களுக்கு உகந்தது.

மேசன்மார் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு. டைல்ஸ் பதித்து ஒரு நாளாவது கழிந்த பின்பே கிறவுட் போடவேண்டும். குழைக்கும்போது பைக்கற்றில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் விட்டால் பூசுவது சுலபம், காய்ந்த பின் தூளாகக் கொட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். அதில் அவமரியாதை எதுவுமில்லை, காசு எங்களுடையது. சுவரும் தரையும் சேரும் மூலைக்குக் கிறவுட் அல்ல, சிலிக்கன் பூசச் சொல்லுங்கள்.

பராமரிப்பில் நாங்கள் செய்யும் பெரிய தீங்கு அசிட்தான். மலசலகூடம் கழுவும் அசிட் திரவம் கறையோடு கிறவுட்டையும் கரைக்கும். தேசிக்காயும் வினாகிரியும் நாளடைவில் அதையே செய்யும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். பூஞ்சணத்துக்கு நீர் கலந்த புளீச் பாவிக்கலாம். ஆனால் புளீச்சையும் அசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். கோடு உதிர்ந்திருந்தால் மேலால் பூசி மறைக்காமல், பாதி ஆழத்துக்கு மேல் சுரண்டி எடுத்துவிட்டு நிரப்புங்கள்.

மலைச்சரிவில் குடியிருப்போருக்கு இன்னொரு விடயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மழையால் கண்டி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வெள்ளச்சேறு புகுந்த தரையைச் சேறு காயுமுன் கழுவி, தளம் நன்றாக உலர்ந்த பின்பே திருத்தவேண்டும். ஓரிடத்தில் மயிரிழை வெடிப்பு என்றால் அது கிறவுட்டின் குறை. ஆனால் வெடிப்பு அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராக ஓடி, டைல்ஸையும் பிளந்து, சுவரிலும் ஏறினால் அதைப் பூசி மறைக்காதீர்கள். இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வையுங்கள். அது நீண்டாலோ, கதவுகள் இறுகினாலோ, மேட்டில் மரங்கள் சாய்ந்தாலோ, சரிவில் புதிதாகக் கலங்கல் நீர் ஊறினாலோ கிராம அலுவலரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பரிசோதிக்கக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. மழை பலக்கும் இரவில் கோட்டை அளந்துகொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு முதலில் வெளியேறுங்கள்.