உங்களுக்குத் தெரியுமா? ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கிடையாது!
ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. நேற்று மாலை என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பேச வைத்தால் போதுமாம். அருமையான யோசனை! 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு (நாளுக்கு அல்ல) அதிகபட்சம் 2 மணி நேரம். 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம்; அதற்கு மேல் 2 மணி நேரம். பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்தால் பலன் உண்டு. ஆனால், ஆறு வயதுப் பிள்ளை தூங்கி வழிந்தபடி நாலு கோடு நோட்டில் ஒரே வரியைப் பத்து முறை எழுதுவது கொடுமை. உங்கள் வீட்டிலும் இப்படியா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்.