அமுது, அமுதுல, அமுதில்: கடைப்பெயரைத் தேடும் கருவிகளும் நம் தமிழும்



பெற்றோர் சந்திப்பு நாளில் ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பொங்கோலில் தம் வீவக வீட்டிலேயே முறுக்கும் தட்டையும் செய்து விற்கிறார். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்துவிட்டோம். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். “டீச்சர், என் கடைப் பேரை நெட்ல யாராச்சும் சொன்னா உடனே தெரியுற மாதிரி வழி இருக்கா?”

விஷயம் இதுதான். அவருடைய தட்டையைச் சாப்பிட்ட ஒரு சின்னப் பையனுக்கு உதடு அரித்துச் சிவந்துவிட்டது. அவன் தாயார், வட்டாரக் குடியிருப்பாளர்கள் எழுதும் ஒரு பக்கத்தில், “இதுல வேர்க்கடலை போட்டிருக்காங்களா? யாருக்காவது தெரியுமா?” என்று தமிழில் கேட்டிருக்கிறார். வேர்க்கடலை உண்டு. ஆனால் பொட்டலத்தில் அது எழுதப்படவில்லை. கேள்வி பத்தொன்பது நாள் பதில் இல்லாமல் கிடந்திருக்கிறது. அதற்குள் அதன் கீழே வேறு என்னென்னவோ எழுதிவிட்டார்கள். இத்தனைக்கும் நம்ம அம்மா கடைப்பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து ஓர் இலவச எச்சரிக்கைச் சேவையில் பதிந்து வைத்திருந்தார். ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

கடையின் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். ‘அமுது’ என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு சொல்லை வைத்துக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். வணிகம் நம் பாடமில்லை என்று நினைக்கலாம். பாதி தூரம் போனதும் இது நாம் வகுப்பில் நடத்துகிற புணர்ச்சிப் பாடம்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எந்தக் கருவியானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். அது எங்கே போய்ப் பார்க்கிறது? எந்த எழுத்துகளைத் தேடுகிறது? விலை, வண்ண வரைபடம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எங்கே என்பது. எல்லாருக்கும் தெரிந்தது கூகுள் அலர்ட்ஸ். 2003இல் வந்தது, இன்றும் இலவசம். ஒரு சொல்லைக் கொடுத்தால், கூகுள் தன் தேடல் குவியலில் புதிதாகச் சேர்க்கும் பக்கங்களில் அந்தச் சொல் இருக்கும்போது மின்னஞ்சல் அனுப்பும். செய்தித்தளங்கள், வலைப்பூக்கள், நிறுவனங்களின் பக்கங்கள் இவற்றுக்கு நல்லது. ஆனால் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் மக்கள் எழுதுவதில் பெரும்பகுதி கூகுளின் கண்ணில் படாது. வாட்ஸ்அப் குழுவில் நடப்பதைக் கூகுள் மட்டுமல்ல, எந்தக் கருவியும் பார்க்காது, பார்க்கவும் கூடாது. அந்த அம்மாவுக்கு மின்னஞ்சல் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கட்டணக் கருவிகள் இன்னும் அகலமாக வலை வீசுகின்றன. போலந்தின் பிராண்ட்24, பிரான்சின் மென்ஷன் இரண்டும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானவை. சமூக ஊடகம், செய்தி, காணொளித் தளம், விமர்சனப் பக்கம் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒரே திரையில் காட்டும். அதற்கு மேலே பிரிட்டனின் பிராண்ட்வாட்ச், நார்வேயில் தொடங்கிய மெல்ட்வாட்டர், லக்சம்பர்கில் தொடங்கி 2024இல் ஹூட்சூட் வாங்கிக்கொண்ட டாக்வாக்கர். இவை விமான நிறுவனம், வங்கி, அமைச்சு அளவுக்கானவை. முறுக்கு விற்கிறவர் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பணம் கொடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இந்தக் கருவிகள் பார்ப்பது, தளக்காரர்கள் திறந்துவிடும் கதவு வழியாகத்தான். அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. டுவிட்டர் 2023இல் தன் தரவை இலவசமாக எடுக்கும் வழியைச் சுருக்கிவிட்டது. ஃபேஸ்புக் பக்கங்களைக் கவனிக்கச் செய்தியாளர்கள் பயன்படுத்திய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. மூடிய குழுவில் எழுதினதை எவ்வளவு பணம் கட்டினாலும் வாங்க முடியாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். எந்த எழுத்துகளைத் தேடுகிறது?

ஆங்கிலத்தில் ஒரு கடைப்பெயர் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழில் நிற்குமா? “அமுதுல வாங்கினேன்”, “அமுதுக்குப் போன் பண்ணேன்”, “அமுதின் தட்டை”, “அமுதை விட்டா வேற கடை இல்ல”. இந்த நான்கிலும் ‘அமுது’ என்ற சொல் தனியாக இல்லவே இல்லை. மேற்கோள் குறிக்குள் “அமுது” என்று போட்டுத் துல்லியமாகத் தேடச் சொன்னால், கருவி அந்த வடிவத்தைத்தான் தேடும். வேற்றுமை உருபு ஒட்டிய சொல் அதற்கு வேறொரு சொல்.

உயர்விலைக் கருவிகளில் சொல்லின் முன்பகுதியை மட்டும் கொடுத்து நட்சத்திரக் குறி போட முடியும். அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாவற்றையும் அது வாரிக்கொண்டு வரும். சரி, எதைக் கொடுப்பது? ‘அமுது’ என்று கொடுத்து நட்சத்திரம் போட்டால் அமுதுக்கு, அமுதுல, அமுதோட இவற்றில் முதல் இரண்டுதான் சிக்கும். அமுதில், அமுதை, அமுதின், அமுதோட எல்லாம் தப்பிவிடும். ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அமுது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். உருபு உயிரெழுத்தில் தொடங்கினால் ஈற்று உகரம் ஓடிவிடுகிறது. நன்னூலில் படித்த விதி இங்கே ஒரு வாடிக்கையாளரின் புகாரைத் தொலைத்துவிடுகிறது!

அப்படியானால் உகரத்தை வெட்டி ‘அமுத’ வரைக்கும் கொடுக்கலாமே? கொடுங்கள். எல்லா வடிவமும் வரும். கூடவே அமுதா வருவார், அமுதன் வருவார், அமுதம், அமுதசுரபி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதனால் பக்கத்தில் ‘முறுக்கு’, ‘தட்டை’, ‘பொங்கோல்’ ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று நிபந்தனை போடவேண்டியிருக்கும். கூகுள் அலர்ட்ஸில் நட்சத்திரம் இந்த வேலையைச் செய்யாது. ஆகவே வடிவங்களை ஒவ்வொன்றாக எழுதி, நடுவில் ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுக்கவேண்டும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அது விலகிவிடும்.

எழுதுகிறவர்கள் இலக்கணப்படியா எழுதுகிறார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கே பழக்கம். ‘அமுது’வின் ‘து’வுக்கு ஒருவர் டீ-எச் போடுகிறார், இன்னொருவர் டி-எச், வேறொருவர் வெறும் டி. கடைசி உகரத்துக்கு யூ ஒன்றா இரண்டா என்பது அவரவர் மனம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்து எழுதலாம், சேர்த்து எழுதலாம், ‘கோமளா’ என்று நீட்டலாம், ‘விலாஸ்ல’ என்று உருபு சேர்க்கலாம். வாயால் சொல்லும்போது எல்லாம் ஒரே கடை. கருவிக்கு நாலு கடை.

நம் பொங்கோலும் இப்படித்தான். ரயில் நிலையப் பலகையில் பொங்கோல். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் ‘புங்கோல்’ என்று எழுதிவிடுவார்கள். என் கைத்தொலைபேசி இன்னொரு படி மேலே போய் ‘பொங்கல்’ என்று திருத்திவிடும். சனவரி மாதத்தில் ‘பொங்கோலில் பொங்கல்’ என்று அறிவிப்பு எழுதப்போய் நான் பட்ட பாடு தனிக்கதை.

அதே சொல்லில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘பொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்துச் சேர்ப்பது மற்றொன்று. ‘கோ’வும் அப்படியே. ஆக, திரையில் ஒரே மாதிரி தெரியும் ‘பொங்கோல்’ உள்ளே நான்கு விதமாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகவே கொள்ளவேண்டும் என்பது யுனிகோடு விதி. மென்பொருள் எழுதியவர் அந்த விதியை மறந்திருந்தால் தேடல் பொய்த்துவிடும். ‘அமுது’வில் ஒகரமும் ஓகாரமும் இல்லாதது அந்த அம்மாவின் அதிர்ஷ்டம்.

யுனிகோடுக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். இணையத்தில் தமிழ் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்த காலத்தில்தான், 1997இல், தமிழ்நெட் 97 மாநாடு இங்கே சிங்கப்பூரில் நடந்தது. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி, தேசிய கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்தவர், எழுத்தாளர். 1999இல் மறைந்துவிட்டார். இன்று ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேட முடிகிறதென்றால் அதில் நம் துறைக்காரர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் சொல்லவேண்டும். 2017 தேசிய தின அணிவகுப்புக் கையேட்டில் ஒரு தமிழ் வரி உருக்குலைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது நினைவிருக்கலாம். அதைக் கண்டுபிடித்தது தமிழ் வாசிக்கத் தெரிந்த மனிதர்களின் கண். உருக்குலைந்த சொல்லை எந்தச் சொல்தேடலில் போட்டுத் தேடுவது? பிராண்ட்வாட்ச், டாக்வாக்கர் போன்றவை படத்தில் இருக்கும் வணிகச் சின்னத்தை அடையாளம் காணும். கையால் எழுதி ஒட்டிய முறுக்குப் பொட்டல லேபிளுக்கு அது உதவாது.

அடுத்து, கட்டணக் கருவிகள் பெருமையாகக் காட்டும் உணர்வுக் கணிப்பு. ஒவ்வொரு பதிவையும் நல்லது, கெட்டது, நடுநிலை என்று பிரித்து வட்டப்படம் போடும். கருவி ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கலாம். பட்டியலில் இருப்பதும் புரிந்துகொள்வதும் வேறு. “குறை சொல்ல ஒண்ணுமில்ல” என்பதில் குறை இருக்கிறது. “மோசமில்ல” என்பதில் மோசம் இருக்கிறது. “காரம் தாங்கல, கண்ணுல தண்ணி, இன்னும் ரெண்டு பாக்கெட் வேணும்” என்பது புகாரா பாராட்டா? “ரொம்ப நல்லா இருந்துச்சு, நாய்கூடத் தொடல” என்பதை என்ன செய்வது? என் கருத்தில், தமிழுக்கு இந்த வட்டப்படத்தை நம்பி ஒரு வெள்ளிகூடச் செலவிடவேண்டாம். வந்த பதிவுகளைக் கண்ணால் படிப்பதே மேல். சின்னக் கடைக்கு மாதம் எத்தனை பதிவு வந்துவிடப் போகிறது?

கட்டணக் கருவியை வாங்கத்தான் வேண்டும் என்றால், இலவசச் சோதனைக் காலத்திலேயே உருபு ஒட்டிய ஐந்து வடிவம், ஆங்கில எழுத்தில் மூன்று வடிவம் கொடுத்துப் பாருங்கள். நீங்களே ஒரு பொதுப் பக்கத்தில் ‘அமுதுல’ என்று எழுதி வைத்துவிட்டு, கருவி அதைப் பிடிக்கிறதா என்று காத்திருங்கள். விற்பனையாளர் காட்டும் மாதிரியில் எல்லாம் ஆங்கிலப் பெயராகவே இருக்கும்.

வகுப்பில் இதை நான் உயர்நிலை இரண்டில் செய்கிறேன். ஒரு கற்பனைக் கடைப்பெயர் கொடுப்பேன். குழுவாக உட்கார்ந்து, அந்தப் பெயர் வாக்கியத்தில் எத்தனை வடிவம் எடுக்கும் என்று பட்டியல் போடவேண்டும். எழுத்துத்தமிழ் ஒரு பத்தி, பேச்சுத்தமிழ் ஒரு பத்தி, ஆங்கில எழுத்து ஒரு பத்தி. பிறகு, எந்த இடத்தில் வெட்டினால் எல்லா வடிவமும் சிக்கும், வேண்டாத சொல் எவையெவை உள்ளே வரும் என்று வாதாடவேண்டும். ‘அமுது’ மாதிரி குற்றியலுகரப் பெயர் ஒரு குழுவுக்கு, ‘மலர்’ மாதிரி மெய்யீறு ஒன்றுக்கு, ‘மரம்’ மாதிரி மகர ஈறு இன்னொன்றுக்கு. மகர ஈற்றுக் குழு அத்துச்சாரியையில் மாட்டிக்கொண்டு விழிக்கும்: மரத்தில், மரத்துக்கு, மரத்துல. வேற்றுமையை இவ்வளவு ஆர்வமாக அவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

இரண்டு எச்சரிக்கை. மாணவர்களைத் தங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து தேடச் சொல்லாதீர்கள். ஆள் பெயரைத் தேட விடாதீர்கள், நண்பன் பெயரானாலும் சரி. நேரடியாகக் காட்டவேண்டுமென்றால் உங்கள் கணினியில் கூகுள் அலர்ட்ஸை மின்னஞ்சலுக்குப் பதில் ஊட்டமாகப் பெற்று, கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட்ஃபீட் என்ற கட்டளை மூலம் அட்டவணையாகத் திரையில் போடலாம்.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் ஒரு வெள்ளியும் செலவில்லை. கூகுள் அலர்ட்ஸில் பதினொரு வடிவம் எழுதிக் கொடுத்தோம். கூகுள் வரைபடத்தில் கடைக்கு வரும் விமர்சனம் உடனே மின்னஞ்சலில் வருகிற மாதிரி அமைத்தோம். அந்த வட்டாரப் பக்கத்தில் மட்டும் கருவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு அவரே உள்ளே போய், அதன் தேடல் கட்டத்தில் அமுது, அமுதுல, அமுதோட என்று மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கிறார். பத்து நிமிடம் ஆகிறதாம். பையனின் தாயாருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். பையனுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டதாகப் பதில் வந்தது. “லேபிள்ல இருந்திருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்” என்றும் எழுதியிருந்தார். இப்போது பொட்டலத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘வேர்க்கடலை உண்டு’ என்று இருக்கிறது.

உங்கள் வகுப்புகளில் கிடைக்கும் வடிவப் பட்டியல்களை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். ஈறு வாரியாகத் தொகுத்து, பயிற்சித்தாளாக இங்கேயே போட்டுவிடலாம்.