கிராமத்துக்குக் குடிபோகணுமா? டவுன் வீட்டை விற்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!



"லாஸ்பேட்டை வீட்டை வித்துட்டு வானூர் பக்கம் நிலம் வாங்கி நிம்மதியா இருந்துடலாமா?" இந்த மாதிரிக் கேள்வி அடிக்கடி வருது. சனி, ஞாயிறு ஆனா வெளியூர் கார்கள்ல நம்ம ஊரு திணறுது. வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம் ஏறுது. மரநிழல், கிணத்துத் தண்ணி, நம்ம கையால வெச்ச கத்திரிச்செடி... ஆசை வர்றது தப்பே இல்ல.

இதுக்குப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு: ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தொடங்கியபோது, அது மழை அரிச்ச செம்மண் பொட்டல். முதல்ல வந்தவங்க கீற்றுக் கொட்டகையில இருந்து, வரப்பு போட்டு, மரம் நட்டாங்க. இன்னிக்கு அது காடு. ஆனா 50,000 பேருக்குத் திட்டமிட்ட ஊர்ல, அரை நூற்றாண்டு தாண்டியும் சில ஆயிரம் பேர்தான் இருக்காங்க. வீடு கட்டப் பணம் கொடுத்தாலும் அது அவங்க சொத்து இல்ல. விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. அவங்க அங்கே தேடிப் போனது ஒரு வாழ்க்கை. முதலீடு இல்ல.

நாம குழப்பிக்கிறது இங்கதான். ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

1. பதிவுச் செலவு: கோட்டக்குப்பம் வந்தாலே தமிழ்நாடு. அங்கே முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 20 லட்சம் ரூபாய் நிலத்துக்கு 1,80,000 ரூபாய். பிடிக்கலைன்னு திரும்பி வந்தா இந்தப் பணம் வராது.

2. வரி: வீடு விற்ற லாபத்துல இன்னொரு வீடு வாங்கினா, நிபந்தனைகளோட மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு. விவசாய நிலம் வாங்கினா அந்த விலக்கு கிடையாது. "விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே"ன்னு சொல்வீங்க. சரிதான், முதல்ல வருமானம் வரணுமே!

3. அவசரம்: ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுவலின்னா ஜிப்மருக்கு எப்படி வருவீங்க? வண்டி இருக்கா, ஓட்ட ஆள் இருக்கா?

அப்போ என்ன செய்யலாம்? டவுன் வீட்டை வாடகைக்கு விடுங்க. 15,000 ரூபாய் வருதுன்னு வெச்சுக்குவோம். கிராமத்துல 6,000 ரூபாய்க்கு வீடு பிடிச்சு ஒரு வருஷம் இருங்க. சித்திரை வெயில், ஐப்பசி மழை, கரண்ட் கட் எல்லாத்தையும் பார்த்துடலாம். வாடகை வித்தியாசத்துலயே 1,08,000 ரூபாய் மிஞ்சும். அதை அவசர நிதியா ஒதுக்குங்க.

அதுக்கப்புறமும் மனசு அங்கேயே நின்னா, பட்டா, வில்லங்கச் சான்றிதழ் பார்த்து தாராளமா வாங்குங்க. ஆனா இருக்கிற ஒரே வீட்டை வித்துட்டு மட்டும் பரீட்சை பண்ணாதீங்க.

நீங்க யாராவது இப்படிக் குடிபோயிருக்கீங்களா? மாசச் செலவு எவ்வளவு ஆகுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!