கம்ப்யூட்டருக்குள் 4 மர்ம ஆசாமிகள்!

இரவு நேரம். வீட்டுக் கம்ப்யூட்டரின் முன் மகன் உட்கார்ந்து இருக்கிறான். திடீரென்று, "அப்பா! இங்கே வந்து பாருங்கள்!" என்று கத்துகிறான்.

திரையில் பெயர்ப் பட்டியல். அதில் அப்பாவின் பெயர் இருக்கிறது. கூடவே வேறு 4 பெயர்கள்! அட்மினிஸ்டிரேட்டர், கெஸ்ட், டிபால்ட் அக்கவுண்ட், டபிள்யூ.டி.ஏ.ஜி. யுடிலிட்டி அக்கவுண்ட்.

யார் இவர்கள்? எப்படி நுழைந்தார்கள்? பாங்கிப் பணம் என்ன ஆகும்?

பயம் வேண்டாம். இந்தப் பெயர்கள் விண்டோசுடன் கூடவே வருபவை. சாதாரணமாக, இவற்றை யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கி வைத்து இருப்பார்கள்.

சோதிப்பது எப்படி?

'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையில் 'நெட் யூசர்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்தப் பெயரையும் அடிக்க வேண்டும். 'அக்கவுண்ட் ஆக்டிவ்' என்பதற்கு எதிரே 'நோ' என்று இருந்தால் முடக்கம். 'எஸ்' என்று இருக்கிறதா? வீட்டில் யார் அதைத் திறந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

காவல் டைரி

கம்ப்யூட்டரில் ஒரு காவல் டைரியும் உண்டு. அதன் பெயர் 'ஈவென்ட் வியூவர்'. அதில் 'செக்யூரிட்டி' என்ற பகுதியில் 'ஆடிட் பெயிலியர் 4625' என்று இருந்தால், யாரோ நுழைய முயன்று தோற்றார்கள் என்று பொருள். அது திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. அப்பாவே பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் அது பதிவாகும்!

எது ஆபத்து?

4720 என்ற எண், புதுக் கணக்கு உண்டானதைக் காட்டும். 4624 என்ற எண்ணுடன் 'லாகான் டைப் 10' என்று இருந்தால், தொலைவில் இருந்து ஒருவர் நுழைந்து விட்டார்! வீட்டார் யாரும் அப்படிச் செய்யவில்லை என்றால், உடனே இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். வேறு கருவியில் இருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். பிறகு, விஷயம் தெரிந்தவரிடம் கம்ப்யூட்டரைக் காட்ட வேண்டும்.

டெலிபோன் திருடன்

இதை எல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து பேசுகிறோம்" என்று டெலிபோன் வரும். அதே டைரியைத் திறக்கச் சொல்வான். அதில் உள்ள சிவப்பு அடையாளங்களைக் காட்டி, "வைரஸ் புகுந்து விட்டது! பணம் கட்டுங்கள்!" என்று மிரட்டுவான்.

சிவப்பு அடையாளங்கள் நல்ல கம்ப்யூட்டரிலும் இருக்கும். இது தெரியாதவர்கள் பணத்தைப் பறிகொடுக்கிறார்கள். அப்படிப் பணம் போய் விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

பட்டியலில் இருந்த நால்வரும் திருடர்கள் அல்ல. டெலிபோனில் மிரட்டுகிறானே, அவன்தான் திருடன்!