தள்ளுபடி மூடிய கடைகள்

2007 ஜூலையில் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசிப் புத்தகம் வெளியானபோது பிரிட்டனில் அதற்குக் குறித்த விலை 17.99 பவுண்ட். ஆஸ்டா சூப்பர் மார்க்கெட் அதை 5 பவுண்டுக்கு விற்றது. பதிப்பகத்தாரிடம் கழிவு போக வாங்கினாலும் சிறு கடைக்காரருக்கு அந்த விலை கட்டாது. சூப்பர் மார்க்கெட்டில் போய் வாங்கி வந்து விற்பதே அவருக்கு மலிவு.

முன்பெல்லாம் இப்படி நடந்திருக்க முடியாது. பதிப்பகம் குறித்த விலைக்குக் கீழே எந்தக் கடையும் விற்கக் கூடாது என்ற ஒப்பந்தம் அங்கே 1900 முதல் இருந்தது. 1995-இல் பெரிய பதிப்பகங்கள் விலகியதும் அது சரிந்தது. 1997-இல் நீதிமன்றமும் அது செல்லாது என்றது. வாசகருக்கு விலை குறையும் என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். விற்பனையில் முந்தும் புத்தகங்களுக்கு விலை குறையவும் செய்தது. ஆனால் 1995-இல் ஏறத்தாழ 1,900 ஆக இருந்த தனிக் கடைகள் 2016-இல் 867 ஆகிவிட்டன.

தெருமுனைப் புத்தகக் கடையின் கணக்கு எளியது. அலமாரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை மாதக்கணக்கில் நகராது. வாடகையும் சம்பளமும் வேகமாக விற்கும் நாலைந்து புத்தகங்களிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கவிதைத் தொகுப்பு ஆறு மாதம் தனக்குரிய வாசகருக்காகக் காத்திருக்கும் செலவை அந்த நாலைந்தும் சுமக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டுக்குக் கவிதைத் தொகுப்பு வேண்டாம். அந்த நாலைந்து போதும். அவை போனபின் கடைக்காரரிடம் மிஞ்சுவது மெதுவாக விற்கும் சரக்கு மட்டுமே. வாசிப்பு குறைந்ததால்தான் கடைகள் மூடுகின்றன என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரான்ஸ் போட்டுப் பார்த்தது. 1974-இல் அங்கே ஃப்னாக் என்ற பெரிய சங்கிலிக் கடைகள் புத்தகங்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தந்தபோது, எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் பதிப்பாளர் ஜெரோம் லாந்தோன் அதை எதிர்த்தார். அவரைப் போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 1981 ஆகஸ்டில் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் சட்டம் கொண்டுவந்தார்: புதுப் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கிடையாது. பாரிஸின் பெருங்கடையோ, மலைக் கிராமத்துச் சிறு கடையோ, விலை ஏறக்குறைய ஒன்றுதான். கடைகள் விலையில் அல்ல, புத்தகத் தேர்விலும் பரிந்துரையிலும் போட்டியிட்டன.

இணையம் வந்ததும் இந்தச் சட்டம் போட்ட வேலியில் ஓட்டை விழுந்தது. வீட்டுக்கு அனுப்பும் புத்தகத்துக்குத் தள்ளுபடியும் இலவச அஞ்சலும் கூடாது என்று 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதைச் சமாளிக்க அமேசான் அஞ்சல் கட்டணமாக ஒரே ஒரு சென்ட் வாங்கியது. 2023 அக்டோபர் முதல் 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ அஞ்சல் கட்டணம் வாங்கியாக வேண்டும்.

ஆனால் வாடகையை இந்த விலைச் சட்டம் தொடவில்லை. பாரிஸின் சான் மிஷேல் சதுக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பழைய பாடநூல்களை விற்றும் வாங்கியும் வந்த ழிபேர் ழேன் புத்தகக் கடைகளில் பல 2021-இல் மூடின.